தைலம் போட்ட கால் உள்ளே வரக்கூடாது

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது தைல வாசனை. கால்களைப் பிறகுதான் பார்த்தேன்.

மொத்தம் ஆறு கால்கள். கீழ்வீட்டுக் குளியலறையில், சிங்கப் பாதம் வைத்த பழைய இரும்புத் தொட்டியின் விளிம்பில், மூன்று பெரியவர்கள் பள்ளிக்கூட பெஞ்சில் உட்காருவது போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. மூவரும் பேண்ட்டைத் தொடை வரை சுருட்டியிருந்தார்கள். கால்கள் எல்லாம் டிக்காஷன் நிறத் தண்ணீருக்குள்.

நிறத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது நானே போட்ட வாதுமை இலையின் சாயம். என் கவலை வேறு. தொட்டியிலிருந்த கப்பி மீன்கள் எல்லாம் குழாய்க்குக் கீழே ஒரே மூலையில் கூடி, நீர்மட்டத்தில் வாயை வைத்துக் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. தண்ணீரின் மேல் வானவில் மாதிரி ஒரு படலம் மெதுவாகச் சுற்றியது.

"யாரு தைலம் தடவிட்டு வந்தது?" என்றேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஜிபூத்தி வெயிலில் துப்பாக்கியோடு நின்ற மனிதர்கள் மூவரும் சுவர் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் இருந்தவர் எங்கள் வீட்டுக்காரர் முசே சவரி. அவர் இடப்பக்கம் திரும்பி, "மாம்செல் கேக்குறா இல்ல? சொல்லுய்யா" என்றார். மாம்செல் என்றால் நான்.

இடப்பக்கம் இருந்தவர் துரைசாமி அங்கிள். "கொஞ்சூண்டுதான் பாப்பா. முட்டிக்கு மேலதான். கால்ல ஒரு சொட்டு இல்ல."

"தண்ணியே முட்டி வரைக்கும் இருக்குதே அங்கிள்!"

வலப்பக்கத்து அந்துவான் அங்கிள் சத்தமில்லாமல் தன் கால்களை வெளியே எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். சாட்சி சொல்ல வராதவர் மாதிரி.

மூலையில் கறுப்பி சாய்ந்து மிதந்தாள். என் கப்பிகளிலேயே பெரியவள், நிறைமாதம். வயிறு உருண்டை தாண்டிச் சதுரமாகியிருந்தது.

முசே சவரியும் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப்போய், நண்பரிடம் ஒன்று சொன்னார்.

"துரை, இந்த மீனு செத்துதுன்னா கொடி உனக்கு. எடுத்துக்கினு போ."

ஒரு விரல்கடை மீனுக்கும் கொடிக்கும் என்ன சம்பந்தம்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அதுவரை கறுப்பி அப்படியே மிதக்கட்டும். நான் அவளை மறக்கவில்லை.

மீன் வண்டியில் வந்த தொட்டி

உழவர்கரையில் நாங்கள் குடியிருப்பது மாடி வீட்டில். கீழ்வீடு முசே சவரியுடையது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் இவரைப் போன்றவர்களைச் சொல்தா என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிரெஞ்சுக் குடியுரிமையும் பென்ஷனுமாக, கொஞ்ச காலம் இங்கேயும் கொஞ்ச காலம் பாரீஸ் பக்கம் பிள்ளை வீட்டிலும் இருப்பவர்கள். முசே சவரி பனிக்குப் பயந்து டிசம்பரில் வருவார். அவர் மனைவி மதாமுக்குப் பேரப்பிள்ளைகளை விட்டு வர மனசு வராது. வெயில் ஏறும்போது இவரும் கிளம்பிவிடுவார்.

அந்த இடைவெளியில் கீழ்வீட்டுச் சாவி அம்மாவிடம் இருக்கும். வாரம் ஒருமுறை ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காற்றாட விடவேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

தொட்டியின் கதை தனி. கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டை இடித்தபோது இவர் ஆசைப்பட்டு வாங்கிவந்தது. யானைக்குட்டி கனம். எந்த வண்டியும் ஏற்ற மறுத்து, கடைசியில் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றி வரும் மூன்று சக்கர வண்டி ஒன்றில் கட்டி எடுத்து வந்தார்களாம். தெருவெல்லாம் வாடை அடித்துக்கொண்டு வந்ததாக அம்மா சொல்வாள்.

ஆக, அந்தத் தொட்டி வீட்டுக்குள் வந்ததே மீன் வண்டியில்தான். பிற்பாடு நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பில்லை.

முசே சவரி அதில் வருஷத்துக்கு ஒரே ஒருமுறை குளிப்பார். வந்து இறங்கிய அன்றைக்கு. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் முழுவதும் அதற்கே போய்விடும். மறுநாளிலிருந்து வாளியும் சொம்பும்தான். "பெஞ்ஞுவார்ல குளிச்சாத்தான் ஊருக்கு வந்த மாரி இருக்குது" என்பார். பெஞ்ஞுவார் என்றால் குளியல் தொட்டி. அந்த ஒரு குளியலுக்காக அது மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும்.

பெருகியது என் தப்பில்லை

படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, அந்த வேலையும் லேப்டாப்போடு வீட்டுக்கே வந்துவிட்ட காலம் அது. எனக்கு இருப்புக் கொள்ளாது. காளான் வளர்த்தேன். மெழுகுவத்தி ஊற்றினேன். ஸ்பானிஷ் படித்தேன். எல்லாமே ஓரிரு மாதத்தில் தானாகச் செத்துப்போயின. கப்பி மட்டும்தான் நான் விட்டாலும் என்னை விடவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பி என்பது சுண்டுவிரல் பாதி நீளத்துக்கு ஒரு மீன். ஆணுக்கு விசிறி போல வால், அதில் இல்லாத நிறமில்லை. பெண் பாவம், சாம்பல் நிறம், கொஞ்சம் குண்டு. முட்டையெல்லாம் கிடையாது. நேரே குட்டிதான். மாதம் தவறாமல்.

முதலில் வாங்கிவந்தவை ஒரு வாரம் தாங்கவில்லை. நான் சுத்தக்காரி. தினமும் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு, மருந்து வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரைப் பளபளவென்று பிடித்து நிரப்பினேன். தீனியும் கை நிறையப் போட்டேன். விருந்தும் குளியலுமாகவே போய்ச் சேர்ந்தன.

இரண்டாவது தடவை படித்துவிட்டு இறங்கினேன். தண்ணீரை டிரம்மில் பிடித்து ஓரிரு நாள் வெயிலில் வைத்து, மருந்து வாடை போனபிறகே ஊற்றவேண்டும். ஒரேயடியாக மாற்றக்கூடாது. கொஞ்சம் எடுத்து, அதே அளவு விடவேண்டும். தீனி ஒரு சிட்டிகை. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் துரத்தியே கொன்றுவிடும். நாட்டு வாதுமையின் காய்ந்த இலை ஒன்றிரண்டு போட்டால் மீனுக்கு நோய் அண்டாது என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். அது எங்கள் தெருமுனையிலேயே கொட்டிக் கிடக்கிறது.

இன்னொன்று, எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் லேசாக உப்பு. மனிதர்களுக்கு முடி கொட்டும். கப்பிக்கு அதுதான் கொண்டாட்டம். டிரம்மில் குழாய்த் தண்ணீரோடு அதையும் கொஞ்சம் கலந்துவிடுவேன்.

கொண்டாடின. கண்ணாடித் தொட்டி நிறைந்தது. பிறகு தயிர் வாளி. பிறகு பழைய ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டி. ஒருநாள் அம்மா இட்லிக் குண்டானைத் திறந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தத் தெருவுல மாசா மாசம் புள்ள பெத்துக்கற வீடு நம்ம வீடு ஒண்ணுதாண்டி. மீனு இருக்கட்டும், இல்ல நான் இருக்குறேன். ஒண்ணு சொல்லு."

(நான் இதை எழுதப்போவது தெரிந்ததும், "குண்டான்ல மீனு இருந்ததெல்லாம் எழுதிடாதடி, நாளைக்கு யாரு நம்ம வீட்ல இட்லி திம்பாங்க" என்றாள் போன வாரம். மன்னிக்கவும் அம்மா. அந்தக் குண்டான் மாற்றியாகிவிட்டது என்று வாசகர்களுக்கு உறுதி கூறுகிறேன்.)

நான் யோசித்தேன். கீழே காய்ந்து கிடக்கும் ஒரு தொட்டி. கிழக்கு ஜன்னல். வருஷத்தில் ஒரே ஒரு குளியல், அதுவும் டிசம்பரில்.

அந்தத் தொட்டியை நிரப்பி மீன்களை இறக்கினேன். வேலம்பாசி வாங்கி அடர்த்தியாக விட்டேன். பெற்ற தாயே குட்டியைத் தின்னும் ஜாதி இது, ஒளிய இடம் வேண்டும். காற்று மோட்டார் ஒன்று குபுகுபுவென்று ஓடியது. வாதுமை இலைச் சாயம் ஏறிய தண்ணீரில் காலை வெயில் விழும்போது சிவப்பும் நீலமுமாக வால்கள் அசையும். சொன்னால் நம்பமாட்டீர்கள், உழவர்கரையிலேயே அழகான இடம் அந்தக் குளியலறைதான்.

டிசம்பரில் வரவேண்டிய முசே சவரி மே மாதமே வந்து இறங்கினார்.

முசே காலை விட்டார்

முன்னறிவிப்பு எதுவும் இல்லை. வாசலில் டாக்ஸி நின்றது, அம்மா மாடியிலிருந்து "அண்ணே!" என்று கத்தினாள், நான் கீழே ஓடுவதற்குள் அவர் துண்டோடு குளியலறைக்குள் போய்விட்டார்.

"மோன் தியே!" என்று ஒரு குரல். கடவுளே என்று அர்த்தம்.

நான் கதவோரம் நின்று மூச்சுவிடாமல் பேசினேன். "முசே, உடனே எடுத்துடுறேன் முசே, ஒரு மணி நேரம் குடுங்க, தண்ணி அழுக்கில்ல, அது இலை, மீனு எல்லாம் சுத்தமான மீனு..."

"இரு இரு. தூஸ்மான்." மெதுவாக என்கிறார். "உள்ள வா. இதுங்க என்னா பண்ணுதுங்க பாரு."

பயணக் களைப்பில் குனிந்து பார்க்க முடியாமல், விளிம்பில் உட்கார்ந்து வலது காலை உள்ளே விட்டிருக்கிறார். இரண்டு மாதமாகக் கால் என்றால் என்னவென்றே தெரியாத என் கப்பிகள் கூட்டமாக வந்து அவர் கணுக்காலைக் கொத்திக்கொண்டிருந்தன. கப்பி அப்படித்தான். எதைக் கண்டாலும் ஒரு வாய் வைத்துப் பார்க்கும்.

முசே சவரி குழந்தை மாதிரிச் சிரித்தார். "கிச்சுகிச்சு மூட்டுதும்மா."

மறுநாள் காலை அவரே மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"மாம்செல், முட்டி வலி பாதி இல்ல."

விமானத்தில் அத்தனை நேரம் மடங்கிக் கிடந்த கால், படுத்துத் தூங்கியதும் சரியாகியிருக்கும் என்று நான் சொன்னேன். கப்பிக்கு முட்டியைக் குணமாக்கத் தெரியாது என்றும் சொன்னேன். அதற்குப் பல்லே சரியாக இல்லை என்றேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் இருந்தது.

ஜூலையில் பிரெஞ்சு தேசிய நாளன்று எங்கள் ஊர் சொல்தாக்கள் பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம் வரை அணிவகுத்துப் போவார்கள். இந்தத் தடவை இவர்கள் குழுவுக்குக் கொடி தூக்க இவரைக் கேட்டிருந்தார்கள். வழக்கமாகத் தூக்குபவர் மகளோடு பிரான்சிலேயே தங்கிவிட்டார். அதற்காகத்தான் இந்த வெயிலில் வந்ததே.

"கொடிக் கம்பத்துக்கு ரெண்டு கையும் வேணும்மா. ஊன்றுகோலுக்கு மூணாவது கை எங்க இருக்குது எனக்கு?" என்றார். "கோலு இல்லாம நடக்க முடியலன்னா கொடி துரைசாமிக்குப் போயிடும். அவனும் நல்லாத்தான் நடப்பான். ஆனா கேட்டது என்னிய."

அதற்குப் பிறகு தொட்டியைக் காலி செய்யும் பேச்சே எழவில்லை. ஜூலை முடியும் வரை மீன்கள் அங்கேயே இருக்கவேண்டும் என்பது வீட்டுக்காரர் உத்தரவு. ஊன்றுகோல் குளியலறைக் கதவில் தொங்கியது. தினமும் காலை ஏழு மணிச் செய்தி முடிந்ததும் காலை விட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஊரில் ரகசியம் தங்குமா? முதலில் அந்துவான் அங்கிள் வந்தார். பிறகு, கொடி யாருக்குப் போகுமோ அந்தத் துரைசாமி அங்கிளே வந்துவிட்டார். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து நின்ற அழகைப் பார்த்து முசே சவரி முறைத்தார்.

"உனக்கு எதுக்குய்யா?"

"ஏன், முட்டி உனக்கு மட்டும்தான் குடுத்தானா கடவுளு? நவுறு."

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கறுப்பியின் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டினாள். "வாயும் வயிறுமா இருக்கறவ. ஆம்பளைங்க காலு நடுவுல விட்டு வச்சிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" சாயங்காலம் பார்த்தால் தொட்டிக் குழாயில் எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. கண்ணேறு கழிக்க. முசே சவரி அதைத் தன் முட்டிக்காகக் கட்டியது என்று நினைத்து அம்மாவுக்கு மெர்சி சொன்னார்.

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. மீனில் ஒன்றுமில்லை என்று சொன்னால் கேட்பவரில்லை. மீன் செத்தாலோ, முட்டியை விடுங்கள், அந்த மனிதர் அந்த நிமிஷமே கொடியை விட்டுவிடுவார். தினமும் காலை மீன்களைத் தலை எண்ணிவிட்டுத்தான் எனக்குக் காபி.

அப்படி ஒரு காலையில்தான் அந்தத் தைல வாசனை.

கார்தவூ!

இப்போது திரும்பவும் குளியலறை. கறுப்பி ஒருக்களித்து மிதக்கிறாள். கொடியை எடுத்துக்கொண்டு போ என்று முசே சவரி சொல்லியாகிவிட்டது.

"வேணும்னே தடவிட்டு வந்த நீ" என்றார் அவர்.

துரைசாமி அங்கிள் எழுந்தே விட்டார். "யோவ்! ஒரு கொடிக்காக மீனைக் கொல்லுவனா நான்? எனக்கும் ராத்திரியெல்லாம் குடையுதுய்யா முட்டி. மீனு மட்டும் போதலன்னுதான் கொஞ்சம் தைலம்..."

"போதலியா? மீனு போதலன்றியா நீ?" முசே சவரிக்கு இதுதான் அதிகம் வலித்தது.

நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரியவர்களைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாரும் காலை வெளிய எடுங்க! பேப்பர் கொண்டாங்க, பேப்பர்!"

எண்ணெய்ப் படலத்தை எடுக்க எளிய வழி செய்தித்தாள். நீர்மட்டத்தில் விரித்தால் படலத்தை உறிஞ்சிக்கொள்ளும், சுருட்டி எடுத்துவிடலாம். முசே சவரி ஓடிப்போய்ப் பாரீஸிலிருந்து தபாலில் வரும் பென்ஷன்காரர் பத்திரிகையைக் கொண்டுவந்தார். வழவழத் தாள். மினிஸ்டர் படத்தோடு அப்படியே மிதந்தது, ஒரு பொட்டு எண்ணெய்கூட உறிஞ்சவில்லை. அம்மா மாடியிலிருந்து தமிழ் மாலைப் பத்திரிகை கொண்டுவந்தாள். விரித்த மாத்திரத்தில் சர்ரென்று இழுத்துக்கொண்டது. இரண்டு தேசத்து விசுவாசமும் உள்ள அந்த மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

கறுப்பியைக் கையால் அள்ளி, கொஞ்சம் பாசியும், டிரம்மிலிருந்து முன்பே எடுத்துவைத்திருந்த ஊறிய தண்ணீருமாக ஒரு வாளியில் விட்டேன். வாளியைத் துரைசாமி அங்கிள் மடியில் வைத்தேன்.

"அங்கிள், நீங்க அசையக்கூடாது. ஆட்டக்கூடாது. பாத்துக்கினே இருங்க."

"சரி பாப்பா." தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது தண்ணீர். தொட்டியில் பாதியை வெளியேற்றி, ஊறிய தண்ணீரை ஊற்றவேண்டும். ஊறிய தண்ணீர் டிரம்கள் இருப்பது மொட்டைமாடியில். இரண்டு மாடிப் படி. நான் ஒருத்தி.

முசே சவரி ஒரு வாளியை எடுத்தார். அந்துவான் அங்கிள் ஒன்றை எடுத்தார். "கார்தவூ!" என்றார் முசே சவரி, நிமிர்ந்து நின்று. அட்டென்ஷன். இருவரும் விறைத்தார்கள். "அன் ஆவான்!" முன்னே நட.

ஏறினார்கள். முன்னால் அவர், பின்னால் இவர். வலது முட்டி மடங்காததால் முசே சவரி ஒரு தினுசாக ஏறினார். இடது காலை வைப்பது, வலது காலை அரைவட்டமாகச் சுழற்றி மேலே இழுப்பது. "அன்... தெ. அன்... தெ." ஒன்று, இரண்டு. பின்னால் வந்த அந்துவான் அங்கிளுக்கு முட்டியில் ஒன்றுமே பெரிதாக இல்லை. ஆனாலும் முன்னால் போகிறவர் சுழற்றும்போது இடித்துவிடாமல் இருக்க அவரும் அதே மாதிரி சுழற்றவேண்டியதாயிற்று.

நிரம்பிய வாளியோடு இறங்கும்போதும் அதே நடை. நான்கைந்து நடை போய்வந்தபிறகு என் கண்ணில் ஒன்று பட்டது. குளியலறைக் கதவில் ஊன்றுகோல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

மீன்கள் மெதுவாக மூலையை விட்டுக் கலைந்தன. ஒன்றிரண்டு அடியில் இறங்கிப் பாசியைக் கொத்தின. தரையெல்லாம் ஈரப் பத்திரிகை. எல்லோரும் மூச்சு வாங்கினோம்.

அப்போது துரைசாமி அங்கிள் வாளியை அசைக்காமல் கூப்பிட்டார். "பாப்பா... இங்க வாயேன். வாளிக்குள்ள என்னமோ கண்ணு முழிக்குது."

"என்னா அங்கிள்?"

"கண்ணு. ஒடம்பு இல்ல. வெறும் ரெண்டு கண்ணு நீந்துது. தோ, இன்னொரு ரெண்டு!"

பிறந்த கப்பிக் குட்டி அப்படித்தான் இருக்கும். கண்ணாடி உடம்பு, மிளகு உடைத்த மாதிரி இரண்டு கண். பாசிக்குள் நிமிர்ந்து நின்ற கறுப்பி, துரைசாமி அங்கிள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றை உதிர்த்தாள். சுருண்ட ஒரு துளி விழுந்து, பாதி வழியில் நிமிர்ந்து, நீந்திப் போனது.

முசே சவரி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நண்பரைப் பார்த்தார். கொலைக் குற்றம் சாட்டிய அதே வாயால், "வாளியைக் கெட்டியா புடி" என்றார்.

"புடிச்சிக்கினுதான்யா இருக்குறேன்."

அறிவிப்புப் பலகை

அன்றிலிருந்து சட்டம் போட்டேன். காலை விடவேண்டுமென்றால் மொட்டைமாடியிலிருந்து ஒரு வாளி ஊறிய தண்ணீர் கொண்டுவரவேண்டும், பழைய தண்ணீர் ஒரு வாளி எடுத்துத் தென்னைக்கு ஊற்றவேண்டும். அட்டை ஒன்றில் "தைலம் போட்ட கால் உள்ளே வரக்கூடாது" என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். முசே சவரி கீழே பிரெஞ்சிலும் எழுதினார். அதில் படித்தால் எல்லைக் காவல் உத்தரவு மாதிரி இருந்தது. விசாரணை முறை எளிது: ஒருவர் முட்டியை இன்னொருவர் முகர்ந்து பார்ப்பது.

தினமும் புதுத் தண்ணீர் கொஞ்சம், பழைய தண்ணீர் கொஞ்சம். கப்பி வளர்ப்பவர்கள் ஏங்கும் பராமரிப்பு அது. மூன்று சொல்தாக்கள் வேலை செய்தால் மீன் என்ன செய்யும்? கொழுத்தன. வால்கள் அகன்றன. குட்டிகளுக்கு நான் வேகவைத்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டிக் கசக்கி விடுவேன். துரைசாமி அங்கிள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றும் சாப்பிட்டதா என்று பார்ப்பார். "இவன் சரியா திங்கல பாப்பா" என்று எதையோ காட்டுவார். எனக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும்.

முசே சவரியின் முட்டி? அது அப்படியேதான் இருந்தது. மடங்கவில்லை. வாளியோடு ஏறி இறங்கும்போது கோலைத் தேடமாட்டார். வாளியைக் கீழே வைத்ததும் கை தானாகக் கதவைத் துழாவும்.

கடற்கரைச் சாலை

அணிவகுப்பு நாளன்று நான் நடைபாதையில் அவர்கள் பக்கமாகவே நடந்தேன். அம்மாவும் வந்திருந்தாள். கடல் காற்று. பதக்கங்கள் கிணுகிணுத்தன. கொடிக் கம்பம் தோல் வாரில் ஊன்றியிருக்க, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முசே சவரி முன்னால் போனார். பின்னால் ஒருபக்கம் துரைசாமி அங்கிள், மறுபக்கம் அந்துவான் அங்கிள்.

பாதி தூரம் நன்றாகவே போனது. அதற்குமேல் அவர் நடை குறுகியது. நினைவுச் சின்னம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றேவிட்டார்.

பின்னால் வந்த வரிசையும் நின்றது. பேண்டு வாத்தியம் போய்க்கொண்டே இருந்தது. கொடி காற்றில் அவரைப் பின்னுக்கு இழுத்தது. கோல் வீட்டில், குளியலறைக் கதவில். துரைசாமி அங்கிள் ஓரடி முன்னால் வந்தால் போதும், கொடி அவர் கைக்கு வந்துவிடும். எல்லோருக்கும் அது தெரியும். முசே சவரியே கம்பத்தைப் பிடித்த கையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

துரைசாமி அங்கிள் ஓரடி முன்னால் வந்தார். வந்து, கையை நீட்டாமல், காதோரம் சொன்னார்.

"வாளி, சவரி. வாளி. தண்ணி சிந்தாம வா."

முசே சவரி கம்பத்தைப் பார்த்தார். இறுக்கிப் பிடித்தார். இடது காலை வைத்தார். வலது காலை அரைவட்டமாகச் சுழற்றி இழுத்தார்.

"அன்..." என்றார் அந்துவான் அங்கிள் பின்னாலிருந்து.

"தெ" என்றார் துரைசாமி அங்கிள். அவரும் சுழற்றினார். அந்துவான் அங்கிளும் சுழற்றினார். மூன்று வலது கால்கள், ஒரே நேரத்தில், ஒரே அரைவட்டம். ஒருவர் நொண்டினால்தான் நொண்டல். மூவர் தப்பாமல் சேர்ந்து நொண்டினால் அது அணிவகுப்பு. பின்வரிசையில் வந்த இளைய சொல்தா ஒருவர் நமக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவரும் சுழற்ற ஆரம்பித்தார். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இது எந்தப் படைப்பிரிவின் நடை என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "உழவர்கரை" என்றேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

கொடி நினைவுச் சின்னம் வரை போய்ச் சேர்ந்தது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எலுமிச்சம்பழம் மாத்திக் கட்டணும்" என்றாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மூவரும் நேரே குளியலறைக்குத்தான் போனார்கள். பதக்கம்கூடக் கழற்றவில்லை. பேண்ட்டைச் சுருட்டினார்கள். வழக்கம்போல விசாரணை. அந்துவான் அங்கிள் சுத்தம். துரைசாமி அங்கிள் சுத்தம். துரைசாமி அங்கிள் குனிந்து முசே சவரியின் முட்டியை முகர்ந்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்து முகர்ந்தார்.

"சவரி."

முசே சவரி சுவர் ஓடுகளை எண்ணினார்.

"சவரி! தைலம்!"

"கொஞ்சூண்டுதான்யா" என்றார் கொடி தூக்கியவர். "முட்டிக்கு மேலதான்."

அன்றைக்கு நான் அவரை உள்ளே விடவில்லை. துரைசாமி அங்கிளும் அந்துவான் அங்கிளும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர், பதக்கங்களோடு, கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, குட்டிகள் சாப்பிட்டனவா என்று உள்ளே பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.